சுத்தப் பிரதி

வாத்தியார் யாப்பில் புலி. பாட்டு ஒன்று அவர் கையில் சிக்கினால் போதும், சீர் பிரித்து, எதுகை மோனைக்கு அடிக்கோடு போட்டு, தளை தட்டும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி சுழித்துத்தான் விடுவார். முப்பது வருடத்துக்கு முன், பிறந்த ஒரே குழந்தையும் தங்காமல் போன மாதம், அவர் மனைவி சாமியைக் கூப்பிட்டு ஒரு பாட்டு எழுதினாள். அதையாவது சும்மா விட்டாரா? திருத்திச் சுத்தப் பிரதி எழுதினார். எழுதி முடித்ததும் மூலத்தைக் கிழித்துப் போடுவது அவர் பழக்கம். நாசமாய்ப் போன பழக்கம். அதன்பின் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்போது அவளுக்கு நினைவு போய்விட்டது. மூன்று மாதமாக அவரையே யாரென்று தெரியவில்லை.

"அவங்க மனசுக்கு நெருக்கமானது ஏதாவது இருந்தா வாசிச்சுக் காட்டுங்க," என்றார் டாக்டர்.

ஒரே ஒரு தடவை அவள் தன்னை அடையாளம் கண்டால் போதும் என்று வாத்தியார் பெட்டியைக் குடைந்து அந்தப் பிரதியை எடுத்தார்.

இருளே துணையாய் இருந்தேன் இறைவா
அருளே புரிவாய் அமுதே வருவாய்

எட்டுச் சீரும் ஒரே அச்சில் வார்த்த புளிமா. எதுகை கச்சிதம். ஆனால் இதில் அவள் எங்கே?

உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தார். 'அமுதே' மோனைக்காக அவர் திணித்தது. 'இறைவா'வும் அவருடையதுதான், அவள் அப்படியெல்லாம் கூப்பிடுகிறவள் இல்லை. 'வருவாய்' இருக்கும் இடத்தில் அவள் 'வந்துடு' என்று எழுதியிருந்தாள். வரிசையாக, மறுபடி மறுபடி. ஓரத்தில் 'கூறியது கூறல்' என்று குற்றம் குறித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எத்தனை 'வந்துடு'? நாலா, ஏழா? நடுவில் என்ன சொல்லியிருந்தாள்? ஊரார் பாட்டையெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கும் மனுஷனுக்கு அது மட்டும் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொன்னதையே சொல்லாமல் வேறென்ன செய்வாள்? பாவி மனுஷனுக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் இருந்ததையே வாசித்தார். அவள் மடியில் கைகோத்து, விருந்தாளி முன் உட்கார்ந்தவள் மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க. யார் எழுதினது?"

'நீதாம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் மறுபடி தாளுக்குப் போனது.

"நான்தான்," என்றார்.

அவள் அந்தத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கஷ்டம்னு எதுவும் வந்ததில்ல போலிருக்கு," என்றாள்.