பூரணி இஸ் டோப்

பூரணியின் கைப்பையைக் கஜேந்திரன் மேசைமேல் கவிழ்த்தபோது, தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக்காரர்களும் சுற்றி நின்ற வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீப்பு விழுந்தது. சோற்றுப் பார்சல் விழுந்தது. மாத நாளுக்கென்று அவள் மறைத்து வைத்திருந்த பொட்டலமும் விழுந்தது. கஜேந்திரன் அதையும் பேனா முனையால் தள்ளிப் பார்த்தார்.

"என்னா சார் தேடுறீங்க?" பூரணி கேட்டாள்.

"நீயே சொல்லு. இங்க வாறவங்களுக்கு என்னாத்த விக்கிற?"

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதுதான் பூரணியின் வேலை. கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் தெரிந்த இங்கிலீஷில் விளக்கி, கடைசியில் ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுப்பாள். மூன்று வருடமாகச் செய்கிறாள். கஜேந்திரன் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர்.

அவர் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். முந்தின வாரம் வந்துபோன ஒரு வெளிநாட்டு இளைஞன், தொழிற்சாலையின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு எழுதியிருந்தான்: 'பூரணி இஸ் டோப்.'

"அகராதியில பார்த்துட்டேன். டோப்னா போதை மருந்து. தெளிவா போட்டிருக்கு."

"ஐயோ சார், சத்தியமா நான்…"

"சும்மா எழுதுவானா? விசாரிச்சு முடியிற வரைக்கும் நீ வேலைக்கு வராத."

பையில் ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகும் அப்படித்தான் சொன்னார். கீழே கிடந்ததை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் பிடித்து அவள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வீரம்மா தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் புள்ள, நீ தூள் விக்கிறியாமே, மெய்யா?"

"ஆமாக்கா. தேயிலத் தூள். ஒங்களுக்கு ஒரு பெக்கட் வேணுமா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா அழகம்மா கூடையை இறக்கியதும் மகளின் கைப்பையைத்தான் முதலில் பார்த்தாள். மலையிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று பூரணிக்குப் புரிந்தது.

போனை எடுத்து அந்த இளைஞனின் எழுத்துக்குக் கீழேயே இங்கிலீஷில் எழுதினாள்: 'நீங்கள் எழுதியதால் என் வேலை போய்விட்டது. நான் உங்களுக்கு என்ன விற்றேன்?'

விடியும்போது பதில் வந்திருந்தது. பையன் பதறிப்போயிருந்தான். டோப் என்றால் தங்கள் பேச்சில் பிரமாதம் என்று அர்த்தம், அவளைப்போல் யாரும் விளக்கவில்லை என்றுதான் அப்படி எழுதினேன், மன்னியுங்கள் என்று மறுபடி மறுபடி கெஞ்சியிருந்தான்.

பூரணிக்கு ஆறுதல் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பாராட்டிய ஒரு சொல்லுக்கா இத்தனையும்? நேரே தொழிற்சாலைக்குப் போனாள்.

கஜேந்திரன் பையனின் பதிலை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அப்ப சரி. நாளையில இருந்து வா."

"அவ்வளவுதானா சார்?"

"வேற என்னா? அகராதியில இருந்ததத்தானே நான் சொன்னேன்."

"அகராதிய பார்த்தீங்க. மூணு வருசமா கூட வேலை செய்ற என்னைய பார்க்கலயே! அன்னைக்கு கிரிக்கெட்ல சிக்ஸர் அடிச்சப்ப இதே மேசைய தட்டி 'தூள்'னு கத்துனீங்க. நான் ஒங்க பைய கவுத்தேனா? எல்லார் முன்னாலயும் கொட்டுனீங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இல்லாட்டி பெரிய தொரகிட்ட போறேன்."

தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் பேரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. பகல் சாப்பாட்டு நேரத்தில் வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையன் தப்பா எழுதலையாம். பூரணி டூப்புன்னுதான் எழுதியிருக்கான். நல்ல வார்த்தையாம் அது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நேற்று போதைக்காரி, இன்றைக்குப் போலி.

"டூப் இல்ல சார், டோப்!"

"ரெண்டும் ஒன்னுதானே?"

"ஒன்னு இல்ல! அந்த இங்கிலீசே வேணாம் சார். தமிழ்ல சொல்லுங்க."

கஜேந்திரன் யாரையும் பார்க்காமல் சொன்னார். "பூரணி நல்லா வேலை செய்ற புள்ள. நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்."

"பைய கொட்டுனது?"

"அதுவும் தப்புதான்."

அன்று சாயங்காலம் வீரம்மா ஒரு கிண்ணத்தில் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். "அதான் எல்லாம் சரியாயிருச்சே. இன்னும் ஏன் மொகத்த தூக்கி வச்சிருக்க?"

"அந்த வெள்ளைக்காரனுக்கு என்னைய ஒரு மணி நேரம்தான் தெரியும்க்கா. அவன் நல்லவிதமா எழுதுனான். நீங்க நான் பொறந்ததுல இருந்து பார்க்குறீங்க."

லயத்தில் யாரும் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை; ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பூரணி கொழுக்கட்டையை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாகவே அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.