உம்மா வெளியே வரும் வரை

கோப்பை, ஸஹீதின் மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் இருந்தது. கடைசிப் பெனால்ட்டியைப் பிடித்தவன் அவன். கையுறையை இன்னும் கழற்றவில்லை.

கல்முனைப் பெற்றோல் செட்டில் உதைபந்தாட்டக் கழகம் முழுவதும் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"நிரப்புங்க நானா. வழியட்டும்," என்றான் ஸஹீத், பம்பில் நின்றவரிடம்.

வென்றால் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் ஒவ்வோர் ஆட்டக்காரனின் வாசலிலும் நிற்கும். அவனுடைய உம்மா வெளியே வந்து டொபி மிட்டாய் வீசும் வரை அத்தனை பேரும் ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். அவள் சுணங்கச் சுணங்கச் சத்தம் கூடும்.

கப்டன் அஸ்ஹர் போனை நீட்டினான். "இதப் பாரு."

திரையில், ஏதோ தூரத்துக் கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. ஏவுகணை பட்டதாம். புகையில் பெயர் தெரியவில்லை.

ஸஹீதின் காக்கா அப்ராஸ், அவனுக்கு மூத்தவன், எண்ணெய்க் கப்பலில் வேலை செய்கிறான். லீவில் வந்தால் இந்த டேங்கைத் தட்டிச் சிரிப்பான். "இதுக்குள்ள இரிக்கிறது நான் கொண்டாந்ததுடா. பாத்து ஓடு." கையுறையும் அவன் கொண்டுவந்ததுதான். கப்பலில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் கோஃபி கொடுத்தனுப்பியது. கோஃபி கானா நாட்டுக்காரன். அவனும் தன் ஊரில் கோல் காப்பவன்.

ஸஹீத் அப்ராஸை அழைத்துப் பார்த்தான். போகவில்லை. மறுபடியும் போகவில்லை.

"கடல்ல எத்தின கப்பல் ஓடுது மனே," என்றான் அஸ்ஹர். "காக்காட போன் எப்பயும் இப்பிடித்தானே."

"ஓம்."

பெற்றோல் வழிந்து கையுறையை நனைத்தது. ஸஹீத் மூடியை இறுக்கினான்.

முதல் வாசல் ஸஹீதுடையது. உம்மா சுஹறா எப்போதும் சத்தம் கேட்குமுன்பே வந்து நிற்பவள். இன்று வரவில்லை.

"மாமி தூங்குறா! முறுக்குங்கடா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸஹீதும் முறுக்கினான். எல்லோரையும் விட அதிகமாக. உம்மா வந்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் வரவில்லை. இறங்கி உள்ளே ஓடினான்.

உம்மா குசினியில், அடுப்பு மூலையில் நின்றாள். ஒரு காதில் போன். மறு காதில் விரல்.

"கேக்குதில்ல! ஆரு கதைக்கிற? இன்னொருக்காச் சொல்லுங்க!"

அழைப்பு அறுந்தது.

"ஆரும்மா?"

"ஆரோ ஆம்பிள. நம்பர் வேற நாட்டு நம்பர். அப்ராஸ் எண்டு பேர் கேட்டிச்சு. அவன்தான் கதைச்சானா, அவனப் பத்தி ஆரும் சொன்னாங்களா, தெரியல்ல. எல்லாம் உங்கட சத்தம்டா!"

ஸஹீத் வாசலுக்குப் பாய்ந்தான். "நிப்பாட்டுங்கடா!" யாருக்கும் கேட்கவில்லை. கையை ஆட்டுவதைக் கண்டு இன்னும் முறுக்கினார்கள். அஸ்ஹரின் சாவியைப் பிடுங்கினான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொரு இன்ஜினாக நின்றது.

கடல் இரைச்சல் கேட்டது.

உள்ளே உம்மாவின் போன் அடித்தது. ஸஹீத் ஓடிப்போய் எடுத்தான்.

"ஸஹீதா? நான்டா, காக்கா."

அந்தக் குரல் கேட்டு உம்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்." அது வாசலுக்குக் கேட்டது. தெருவே கூச்சலிட்டது.

"எனக்கு ஒண்டுமில்ல. வேற கப்பல்ல ஏத்திட்டாங்க," என்றான் அப்ராஸ். பிறகு சொன்னான். "கோஃபி இல்லடா. எனக்குக் கால் சுளுக்கு. என்ட வேலைக்கு அவன் கீழ இறங்கினான்."

ஸஹீத் போனைக் காதோடு அழுத்தினான்.

"போனுக்கு மத்தாக்கள் நிக்கிறாங்க. வைக்கணும். நீங்க வெண்டீங்களா?"

"ஓம்."

"காலையில அவன் அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தான்."

உம்மா வெளியே வந்தாள். அழுதாள், சிரித்தாள், டொபியைக் கை நிறைய அள்ளி வீசினாள். கழகத்தார் அவளைத் தூக்காத குறை.

"சாவியத் தாடா! போவம்!" அஸ்ஹர் துள்ளினான். "எங்கட ஆள் தப்பிட்டான். இன்னும் என்ன?"

ஸஹீதுக்கும் சந்தோஷம். அது முதலில் வந்தது. கோஃபி பிறகுதான் நினைவுக்கு வந்தான்.

மோட்டார் சைக்கிளில் ஏறினான். பெருவிரல் ஸ்டார்ட்டரில் இருந்தது. கையுறை பெற்றோல் மணத்தது. நாளைக்கு ஓட்டுவான்; கடைக்குப் போக வேண்டும். இன்றைக்கு விரல் அழுந்தவில்லை. இறங்கினான். நியூட்ரலில் போட்டுத் தள்ளினான்.

"என்னடா, எண்ணெய் அடிச்சதானே?"

"ஃபுல்லா இரிக்கி."

"அப்ப?"

"கோஃபி செத்துட்டான். இதுக்குள்ள இரிக்கிறது அவனும் கொண்டாந்ததுதான்."

அஸ்ஹர் கையுறையைப் பார்த்தான். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். தன் சைக்கிளைத் தள்ளினான். பின்னால் மற்றவர்களும் தள்ளினார்கள். ஒருவன் கனம் என்று திட்டினான். ஒருவன் பாட்டுத் தொடங்கினான்.

அடுத்த வாசல் அஸ்ஹருடையது. இன்ஜின் இல்லாமல் உம்மாவை எப்படிக் கூப்பிடுவது? எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அஸ்ஹர் இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

"உம்மோ!"

கழகம் முழுவதும் கத்தியது. "உம்மோ!" தென்னையில் இருந்த காகங்கள் கிளம்பின.

கதவு திறந்தது. டொபிக் கிண்ணத்தோடு அஸ்ஹரின் உம்மா நின்றாள்.

"என்னடா இது? எல்லாச் சைக்கிளும் ஒண்டாப் பழுதா?"