சத்தம் போடாத பெட்டி

எனக்குக் கண் தெரியாது, கோபம் மட்டும் நன்றாக வரும். முதலாவதற்காகத்தான் என்னை இந்த வேலைக்கு எடுத்தார்கள். இரண்டாவதை நான் இலவசமாகக் கொண்டுவந்தேன். பார்வையற்றவர்களும் கை நடுங்குபவர்களும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்த முடிகிறதா என்று, அதைச் செய்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருந்து சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு விதிக்கும் எதிரே "இணங்குகிறது", "ஓரளவு", "இணங்கவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுதி, காரணமும் எழுத வேண்டும்.

இந்த முறை வந்தது ஒரு மருத்துவமனையின் முன்பதிவு மென்பொருள். அங்கே விசாரணைப் பிரிவில் தொலைபேசி எடுப்பவரும் பார்வையற்றவர். பத்தொன்பது வருட அனுபவம். எல்லா டாக்டர்களின் நேரமும் எண்ணும் மனப்பாடம் என்பதால் "டைரக்டரி" என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் ஓட்டிப்பார்க்கலாம் என்று அவர் கணினியில் அதைப் போட்டார்கள். அந்த மாதம் பதினான்கு நோயாளிகள், "ஃபோன்ல பதிவு பண்ணினேனே!" என்று வந்து நின்றார்கள். அன்றைய பட்டியலில் ஒருவர் பெயரும் இல்லை. பழி முழுக்க டைரக்டரி தலையில் விழுந்தது. கவனக்குறைவு என்று மெமோ. தகுந்த விளக்கம் தராவிட்டால் பழைய கோப்பு அறைக்கு மாற்றம். கண் தெரியாத மனிதர் அந்தக் காகிதக் குவியலை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சேமிச்சுட்டுத்தான் மேடம் ஃபோனை வைப்பேன். சத்தியமா."

"செய்யுங்கண்ணே, கேக்கறேன்."

பெயர், டாக்டர், நேரம் என்று அவர் தட்டத் தட்ட, திரையைப் படிக்கும் குரல் ஒவ்வொன்றையும் சொன்னது. மூன்று பதிவுகள் ஒழுங்காக முடிந்தன. நான்காவதற்கு, ஏற்கெனவே கொடுத்த ஃபோன் நம்பரையே கொடுக்கச் சொன்னேன். சேமிக்கும் விசையைத் தட்டினார். குரல் பேசவே இல்லை.

"முடிஞ்சுது மேடம்," என்றார்.

அந்தப் பக்கம் வந்த நர்ஸைத் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

"நடுவுல ஒரு பெட்டி நிக்குதே. இந்த நம்பர்ல இன்னொரு பதிவு இருக்கு, உறுதி செய்யவான்னு கேக்குது."

பெட்டி திறந்ததை எங்கள் காதுக்குச் சொல்ல அந்த மென்பொருளுக்குத் தோன்றவில்லை. அடுத்த அழைப்புக்காக அவர் புதுப் பதிவைத் தொடங்கியதும் பெட்டி மூடிக்கொண்டது, பதிவும் காணாமல் போனது. விசாரித்தால், அந்தப் பதினான்கு பேருமே ஏற்கெனவே பதிவிலிருந்த நம்பரில் இரண்டாவது முறை பதிவு செய்தவர்கள். ஒரு மாதமாக அந்த மனிதர் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மென்பொருள் நிறுவனத்தின் மேலாளர் மறுநாள் என் அறைக்கு வந்தார்.

"எங்க டீம் அந்தக் குரலை ஓடவிட்டுத்தான் டெஸ்ட் பண்ணினாங்க மேடம்."

"திரையைப் பார்க்காமலா?"

"இல்ல... பார்த்துக்கிட்டே, மவுஸ் வச்சு."

பெட்டியைக் கண்ணால் பார்த்து, மவுஸால் 'ஆம்' அமுக்கிவிட்டு, பார்வையற்றவர்களுக்கு ஏற்றது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்!

"ஓரளவுன்னு போட்டுடுங்களேன். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறோம். ஒரே ஒரு ஆளுக்காக..."

"அந்த ஒரு ஆளோட வேலைதான் சார் இப்ப போகப்போகுது. பூசி மெழுகறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"இணங்கவில்லை" என்று எழுதினேன். எந்த விசையைத் தட்டினால் என்ன ஆகிறது என்று வரிசையாக எழுதினேன். திருத்தும் வழியையும் சேர்த்தேன்: பெட்டி திறந்த உடனே குரல் அதைப் படிக்க வேண்டும், விசைகள் அந்தப் பெட்டிக்குள் வேலை செய்ய வேண்டும். அரை நாள் வேலைதான். அறிக்கை மருத்துவமனைக்குப் போனது. டைரக்டரி அதை இணைத்து விளக்கம் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அவரிடமிருந்து அழைப்பு.

"ஆர்டர் மெயில்ல வந்திருக்கு மேடம். திறந்தா 'படம்'னு மட்டும் சொல்லுது."

எனக்கு அனுப்பச் சொன்னேன். என் கணினியும் "படம்" என்றுவிட்டு வாயை மூடிக்கொண்டது; படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்தக் குரலால் படிக்க முடியாது. தட்டச்சு செய்த கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து, கண் தெரியாத மனிதருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"பக்கத்து சீட்ல கேக்கலாம். ஆனா என் வேலை போச்சான்னு எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியறது... கஷ்டமா இருக்கு மேடம்."

அவரை இணைப்பில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"நல்ல செய்திதாம்மா, அவர்கிட்ட சொல்லிடுங்க," என்றார் கண்காணிப்பாளர்.

"நான் சொல்ல மாட்டேன் சார். அவர் லைன்லதான் இருக்கார். கடிதத்தைப் படிங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மெமோ ரத்து. பணியிடத்தில் மாற்றம் இல்லை. பிழையைத் திருத்தி மறுபடி சோதிக்கும்வரை மென்பொருள் வாங்கப்பட மாட்டாது.

டைரக்டரி மூச்சு விடுவது கேட்டது. "ரொம்ப நன்றிங்க சார்," என்றார், ஏதோ தப்பு செய்து மன்னிக்கப்பட்டவர் மாதிரி.

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க எதுக்கண்ணே நன்றி சொல்றீங்க?" என்று கத்தினேன். பிறகு கண்காணிப்பாளரிடம் சொன்னேன்: "சார், அந்தக் கடிதத்தைப் படமா இல்லாம எழுத்தாவே அனுப்புங்க. தன் வேலை போகலன்னு அவரே ஒரு தடவை படிச்சுக்கட்டும்."