வலப்பக்கம் தளர்ந்த முடிச்சு

காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை, கணவர் போட்ட முடிச்சுகளை இறுக்குவது. பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான். அவர் புரண்டு படுப்பதற்குள் கட்டிலிலிருந்து நழுவி இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வருவாள். கூடம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் சமையலறைக்குள் நிற்க வேண்டும். இருக்கிற ஒரே ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர். அந்த ஜன்னலின் திரைக்கம்பியில்தான் செடித்தொட்டி உறிகள் வரிசையாகத் தொங்கின.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். அங்கே கிழிந்துபோன படுக்கை விரிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு அவற்றை எடுத்து வருவாள். இரண்டு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்து முறுக்கினால் கயிறு. அதை ஒரு இரும்பு வளையத்தில் மடித்து மாட்டி, நாலு நாலு இழையாகப் பிரித்துச் சதுர முடிச்சுகள் போட்டு, அடியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய முடிச்சு போட்டால் உறி தயார். நடுவில் தொட்டி உட்கார்ந்துகொள்ளும். தொட்டி என்றால் எண்ணெய் பாட்டிலின் அடிப்பாதி, பெயின்ட் டப்பா, பிடி உடைந்த மக் என்று வீட்டில் எது செத்துப்போனதோ அது. செடியும் அப்படித்தான். எதிர்வீட்டு டீச்சர் கிள்ளிக் கொடுத்த ஒரே ஒரு மணி பிளான்ட் கொடி, தண்ணீர் பாட்டில்களில் வேர் விட்டு வேர் விட்டு ஜன்னல் முழுக்கப் பரவியிருந்தது. இந்த வீட்டு இருட்டில் வளர ஒத்துக்கொண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

அவளுடைய கணவருக்கு இந்த முடிச்சு போடுவது பொழுதுபோக்கு இல்லை. உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கும் ஆட்களில் அவர் ஒருவர். அவர்களிலும் மொட்டைமாடியில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு கட்டிக் கொடுக்கிற ஆள். அவர் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காற்றில் பெயின்ட் வாளி சுழன்றது. அதன் கயிறு அவருடைய வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தோளைப் பிடுங்கி இழுத்துவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சேரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண்தான் முடிச்சு யோசனையைச் சொன்னாள். "உங்களுக்குப் பழகின வேலைதானே. வீட்டுல உக்காந்து துணிக்கயிறுல போட்டுப் பாருங்க. தளர்வா வந்தா பரவாயில்லை. எவ்வளவு தளர்வுன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றாள்.

முதல் உறியை அவர் நாலு நாள் மல்லுக்கட்டிப் போட்டார். மாட்டிய மறுநாளே அது அவிழ்ந்து தொட்டி கீழே விழுந்து உடைந்தது. அவர் திட்டவில்லை, புலம்பவில்லை. இடது கையால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த முதுகுதான் அவள் கண்ணில் படும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன் கோபப்படாமல் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

அடுத்த உறியை அவர் போட்டு முடித்ததும், அது அவிழ்வதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள். தடவிப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் இடது கை இழுத்த பக்கம் கல்லாக இருக்கும், வலது கை இழுத்த பக்கம் தொளதொளவென்று இருக்கும். அவள் செய்ததெல்லாம் அந்த வலப்பக்க இழையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்ததுதான். இதைப் பொய் என்று அவள் அப்போது நினைக்கவே இல்லை. சமையலில் உப்புக் குறைந்தால் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறிவிடுகிறோமே, அந்த மாதிரி ஒரு கைங்கரியம்.

ஆனால் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டது மூன்று மாதமாகிவிட்டது. பகல் முழுக்க நின்றபடி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு, வீடு வந்து சமைத்து, துவைத்து, அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவளுக்கு விடியற்காலைத் தூக்கம்தான் தூக்கம். அதையும் முடிச்சுக்குத் தாரைவார்த்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகினாள். ஒருநாள் இஸ்திரி மேஜை மேலேயே கண் சொக்கி, பெரிய ஹோட்டல் விரிப்பு ஒன்று பழுப்பாகக் கருகியது. அதையும் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கயிறாக்கிவிட்டாள் என்பது வேறு விஷயம்.

அவருக்கோ நாளுக்கு நாள் உற்சாகம் ஏறியது. ஆஸ்பத்திரியில் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். முள் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவர் அதைச் சட்டையே செய்யவில்லை.

"அந்த மிஷின் கிடக்குது. நான் போட்ட முடிச்சைப் பாரு. முடிச்சு பொய் சொல்லுமா?" என்பார்.

அவள் எதையாவது கழுவப் போய்விடுவாள்.

அவளுடைய தம்பியும் அதே பெயின்ட் வேலைதான். மாமாவின் கயிற்றில் தொங்கித்தான் தொழிலே கற்றுக்கொண்டவன். வரும்போதெல்லாம் உறிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவான். பாசம், வேறென்ன என்று அவள் விட்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"மாமா, மேஸ்திரிகிட்ட உங்க முடிச்சையெல்லாம் காட்டினேன். பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு. 'இந்தக் கைக்கு என்னடா குறைச்சல், திங்கக்கிழமை வரச் சொல்லு'ன்னுட்டாரு. நீங்க இறங்க வேண்டாம், மேல நின்னு கட்டிக் கொடுத்தா போதுமாம்."

அவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். "நிஜமாவாடா?"

"உங்க கயித்துல முதல்ல இறங்கப் போறது நான்தான். புதுசா ஒருத்தனைக் கட்டப் போட்டிருக்காங்க. அவன் கட்டினதுல இறங்கவே உயிரைக் கையில பிடிச்சுக்க வேண்டியிருக்கு. நீங்க வந்தா நிம்மதி."

அவன் கிளம்பும்போது அவள் வாசலில் மடக்கினாள்.

"உன்னை யாருடா போட்டோவெல்லாம் காட்டச் சொன்னது?"

"நல்லது பண்ணினாலும் திட்டு. உனக்கு என்னக்கா ஆச்சு?"

சொல்லிவிட வாயெடுத்தாள். உள்ளே அவர் எதிர்வீட்டு டீச்சரின் காதில் விழுகிற மாதிரி சத்தமாக ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். "ஒண்ணுமில்லை, பாத்துப் போ" என்று தம்பியை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்துவிட்டு, விடிகிற நேரத்தில் அசந்துவிட்டாள். அவள் எழுந்து வந்தபோது அவர் குளித்து, தலை சீவி, பழைய இடுப்புப் பட்டையையும் கொக்கிகளையும் தரையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது உறி ஒன்று கிடந்தது.

"மேஸ்திரிக்குக் கொண்டுபோறேன். நேத்து நீ சமைக்கறப்போ போட்டேன். எப்படி?"

அவள் அதை எடுத்து விரலால் தடவினாள். இடப்பக்கம் கல். வலப்பக்கம் அதே தொளதொளப்பு. கை தானாக இழையைப் பிடித்துவிட்டது. ஒரு இழுப்பு இழுத்தால் இன்றைய பொழுது சந்தோஷமாகப் போகும். நாளைக்குத் தம்பி அதே மாதிரி ஒரு முடிச்சில் பதினாலாவது மாடியிலிருந்து இறங்குவான். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, நாளைக்குப் போகாதீங்க."

"பயப்படறியா? நான் தொங்கப் போறதில்லையே. கட்டிக் கொடுக்கறதோட சரி."

"அதைத்தான் சொல்றேன். கட்டாதீங்க."

அவர் துடைப்பதை நிறுத்தினார். அவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த முடிச்செல்லாம் நான் இறுக்கினது."

"எதை?"

"எல்லாத்தையும். தினமும் காலையில, நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. வலது பக்கம் தளர்ந்து தளர்ந்து இருக்கும். நான் இழுத்து விட்டுடுவேன். முதல் தொட்டி விழுந்தப்போ நீங்க படுத்த படுக்கையைப் பாத்துட்டு, மனசு கேக்காம ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை."

அவர் சிரித்தார். "போடி, காலங்காத்தால விளையாடாதே."

"இதை நான் இன்னும் இறுக்கலை. நீங்களே மாட்டிப் பாருங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து உறியைக் கம்பியில் மாட்டினார். இருப்பதிலேயே கனமானது, ஈரமண் நிறைந்த பெயின்ட் டப்பாதான். அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி உறிக்குள் வைத்தார். கையை எடுத்தார்.

உறி நின்றது.

"பாத்தியா?" என்று திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும், தம்பியின் உயிரைக்கூட மறந்துவிட்டு, அந்த முடிச்சு நிற்கட்டும், நின்று தன்னைப் பொய்க்காரியாக்கட்டும் என்று அவள் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். டப்பா லேசாகச் சாய்ந்தது. வலப்பக்கத்து இழைகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக நழுவின. டப்பா தலைகுப்புற விழுந்து மண் கூடம் முழுக்கச் சிதறியது.

அவர் வலது கையைத் தூக்கி விரல்களை மடக்கினார். பாதியில் நின்றுவிட்டன. மறுபடி மடக்கினார்.

"மூணு மாசமா என்னை முட்டாளாக்கியிருக்கே."

"ஆமா."

"கை சரியாயிடுச்சுன்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன். நீயும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தே."

"ஆமா."

"உன் தம்பி செத்திருப்பான்டி!" இப்போது கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திட்டட்டும், இன்னும் சத்தமாகத் திட்டட்டும் என்றிருந்தது அவளுக்கு. அந்தப் பேசாத முதுகுக்கு இது எவ்வளவோ மேல்.

அவர் அதற்கு மேல் கத்தவில்லை. போனை எடுத்து இடது கையால் தம்பியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் வரலைடா. இல்லை, உடம்புக்கு ஒண்ணுமில்லை. கை சரியாகலை. நீ எடுத்த படத்துல இருக்கற முடிச்சு என்னோடது இல்லை, உங்க அக்காவோடது. மேஸ்திரிகிட்டயும் அப்படியே சொல்லிடு, மறைக்காதே. கேளு, யார் கட்டினாலும் நீ ரெண்டு தடவை தொங்கிப் பாத்துட்டு இறங்கு. எனக்கு மரியாதை கொடுக்கறேன்னு இழுத்துப் பாக்காம இறங்குவியே, அந்தப் பழக்கத்தை விடு."

போனை வைத்துவிட்டு மண்ணுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். இடுப்புப் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப் பார்த்தார். ஒரு கையால் வரவில்லை. அவள் உதவிக்குக் கையை நீட்டி, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் முழங்காலால் அழுத்தி, நேரம் எடுத்துக்கொண்டு, தானே சுருட்டி வைத்தார்.

"தினமும் இதுக்காகத்தான் எழுந்து போனியா?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

"வேற எதுக்கு?"

"நான் வேற நினைச்சுட்டிருந்தேன்."

"என்ன நினைச்சீங்க?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "இந்தக் கைக்குப் பக்கத்துல படுக்கப் பிடிக்காம நீ எழுந்து போறேன்னு."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீ கதவைச் சாத்தற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டிருப்பேன். அதுக்கப்புறம் தூக்கம் வராது."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விழித்துக் கிடந்திருக்கிறார். இந்தப் பக்கம் அவள் அரைத்தூக்கத்தில் இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று மாதம்! இரண்டு பேரும் பேசாமல் தூங்கியிருக்கலாம். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்குமே உடம்பில் தெம்பில்லை. துடைப்பத்தை எடுக்க எழுந்தாள்.

"விடு, மண்ணு எங்கேயும் ஓடிப்போயிடாது. வந்து படு" என்றார் அவர்.

நன்றாக விடிந்து, தெருவில் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அவள் போய்ப் படுத்தாள். அவரும் பக்கத்தில் வந்து படுத்து, வலது கையை அவள்மேல் போட்டார். அதில் பிடி இல்லை, கனம் மட்டும் இருந்தது. அவள் அதை நகர்த்தாமல் அப்படியே தூங்கிப்போனாள்.