ஐந்தரை லிட்டர்

அன்று காலை பந்தயத் தடத்தின் ஏழாம் எண் ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறையின் பெரியவர், அவர் தம்பி சின்னவர், பெரியவரின் மருமகள், காருக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர், பக்கத்து ஷெட்டுக்காரர். நிழலில் நின்றாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர் என்பதால் இந்தக் கடைசி ஆளை எல்லோரும் கூலிங்கிளாஸ் என்றே கூப்பிடுவார்கள். ஆறாவதாக ஒருவரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்.

பெரியவரின் பட்டறைக்கு நாற்பத்தொரு வயது. அங்கே திறந்து மூடிய எஞ்சின் ஒன்றுகூட ஓட்டத்தில் இறுகிப் பிடித்ததில்லை. அந்தப் பேர் ஒருநாளில் வந்ததல்ல. காற்றடித்து வந்த டயரையும் மறுபடி அளந்து பார்ப்பவர் பெரியவர். தன் கையைத் தவிர வேறு எந்தக் கையையும் அவர் முழுதாக நம்பியதில்லை.

அவருடைய மகன் கப்பலுக்கு வேலைக்குப் போனவன். பட்டறைக்கு வந்து நின்றது மருமகள்தான். பில் எழுத வந்தவள் ஒரே வருடத்தில் எஞ்சின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். அவள் வேலையில் பெரியவர் இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை. அதுவே அவருக்கு உறுத்தல். குறையே இல்லாத வேலை உலகத்தில் உண்டா? எங்கேயோ ஒளிந்திருக்கிறது, இன்னும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

சண்டை அந்தக் காலைக்கு முந்தின வாரம் வந்தது. பல் டாக்டருக்கு ஐம்பது வயதில் பிறந்த ஆசை, மாதம் ஒரு ஞாயிறு தடத்தில் காரை விரட்டுவது. அந்தக் காருக்கு எந்தக் கெட்டியில் எண்ணெய் ஊற்றுவது என்பதுதான் பேச்சு.

"ட்ராக்குல ஓட்டுற வண்டிக்கு இருபது-ஐம்பதுதான். கெட்டியா இருந்தாத்தான் சூட்டுல நிக்கும்" என்றார் பெரியவர்.

"அது பழைய எஞ்சினுக்கு மாமா. இதுல பேரிங் இடைவெளி தலைமுடி கனத்துல பாதி. உங்க ஐம்பது அதுக்குள்ள நுழையறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்."

"அப்ப கம்பெனிக்காரன் சொன்ன ஐந்து-முப்பதையே ஊத்து."

"அது ஆபீஸ் போய் வர்றதுக்கு. போன மாசம் ட்ராக்குல ஆயில் நூத்திப் பதினெட்டு டிகிரி போச்சு. அந்தச் சூட்டுல முப்பது தண்ணியாயிடுது. வளைவுல அழுத்தம் இறங்கினத நானே பாத்தேன். ஐந்து-நாற்பது போதும்."

முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பெரியவருக்கு இது தெரியாததல்ல. அவர் பார்த்தது எண்களை அல்ல, அவள் முகத்தை. அந்த முகத்தில் தயக்கமே இல்லை.

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்தப் பல்லப் புடுங்கறதுன்னு ரெண்டு டாக்டர் சண்டை போட்டா நோயாளி என்னம்மா பண்ணுவான்?"

"வாய மூடிட்டு இருக்கணும் டாக்டர்" என்றாள் மருமகள்.

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "சரி, உன் இஷ்டம். நான் கை வெக்க மாட்டேன், இது வாக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை இந்த எஞ்சினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் நீ எஞ்சின் அறைப் பக்கமே வரக்கூடாது. முன் மேஜையில உக்காந்து பில் போடு."

"சரி மாமா" என்றாள் அவள், உடனே.

அந்த 'உடனே' அவரைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவளிடம் ஏதோ இருக்கிறது. டாக்டரும் அவளும் தனியாகப் பேசி வைத்திருப்பார்களோ? பட்டறை போனால் போகட்டும் என்று வேறு இடம் பார்த்துவிட்டாளோ?

ஞாயிறு காலை மருமகள் அளவுக் குடுவையில் பார்த்துப் பார்த்து ஐந்தரை லிட்டர் ஊற்றினாள். இந்த எஞ்சினுக்கு உரியது ஐந்து. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதால் தெரிந்தே அரை லிட்டர் கூட வைத்தாள். அதை டாக்டரிடம் மட்டும் சொன்னாள். டாக்டர் மெதுவாக இரண்டு சுற்றுப் போய்த் திரும்பி எஞ்சினை நிறுத்தியதும், ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது.

"வண்டியப் பாத்துக்கங்க மாமா. கூலிங்கிளாஸ் கண்ணு எங்க இருக்குன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டரோடு போனாள். சின்னவர் டயர் காற்றளவி எடுக்க வேனுக்குப் போனார்.

காவல் வைத்த வேலிதான் பயிரை மேய்ந்தது. பெரியவர் பானெட்டைத் திறந்து அளவுகுச்சியை உருவினார். எண்ணெய் நடுக்கோட்டுக்கும் கீழே நின்றது. இப்போதுதான் நிறுத்திய எஞ்சினில் எண்ணெய் மேலேயே தங்கியிருக்கும், கீழே இறங்கப் பத்து நிமிடம் ஆகும் என்பது அவருக்குக் கைரேகை மாதிரித் தெரிந்த விஷயம். ஆனால் கூட்டமும் பத்தே நிமிடம்தான். நேர்வழியில் குச்சியைப் பார்ப்பவன் காத்திருக்கலாம். திருட்டுத்தனமாகப் பார்ப்பவனுக்கு ஏது நேரம்?

'மெல்லிசும் ஊற்றி, குறைத்தும் ஊற்றியிருக்கிறாள்' என்று அவர் மனம் கொதித்தது. பையிலிருந்த அரை லிட்டர் இருபது-ஐம்பதை ஊற்றினார். வாக்கு ஒரு பக்கம் குத்தியது. எஞ்சின் பிடித்தால் போவது அவள் பேர் மட்டுமா, பட்டறையின் பேர் அல்லவா என்று அதன் வாயை அடைத்தார். கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது சின்னவர் டயர் மேல் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார். ஆயுளில் சீட்டியடிக்காத மனிதர். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் தடுப்புக்கு அப்பால் நின்ற கூலிங்கிளாஸ் மேல் இருந்தது. அந்த ஆள் சிரித்த மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்து டாக்டர் தடத்தில் இறங்கினார். மூன்றாவது சுற்றில் காரின் பின்னால் நீலப் புகை எழுந்தது. நீண்ட இடது வளைவில் அழுத்த முள் நடுங்குவதாக டாக்டர் ரேடியோவில் சொன்னார். கறுப்புக் கொடி காட்டி அவரை வெளியே வரச் சொன்னார்கள். கார் ஷெட்டுக்குள் வருவதற்குள் சேதி வேலி நெடுக ஓடிவிட்டது.

"நெருப்பில்லாம புகையாதுண்ணே" என்றார் கூலிங்கிளாஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "பொண்ணு தண்ணி மாதிரி ஆயில ஊத்திடுச்சு. எஞ்சின் பிடிச்சிருச்சு, பாவம்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேலிக்கு அந்தப் பக்கம் அதையே நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள்.

மருமகள் வேலிப் பக்கம் திரும்பாமல் பானெட்டைத் திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றாள். பிறகு அளவுகுச்சியை உருவினாள். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை, அதன் மேல் சோப்பு நுரை போலக் குமிழ்கள். அடியில் சுத்தமான தொட்டியை வைத்து எண்ணெயை இறக்கி, குடுவையில் அளந்தாள்.

"போட்டது ஐந்தரை. இறங்கினது ஆறே கால். ஃபில்டர்ல நிக்கறது, புகையில போனது கணக்குல இல்ல" என்றாள். "எஞ்சின் ஆயில் குடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். குட்டி போடும்னு இப்பத்தான் பாக்கறேன்."

டாக்டர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "அதிகமா இருந்தா நல்லதுதானேம்மா?"

"இல்ல டாக்டர். கீழ சுத்துற கிராங்க் எண்ணெய்க்குள்ள முங்கி அத மோர் மாதிரி கடைஞ்சிடும். பம்புக்கு எண்ணெய்க்குப் பதிலா நுரைதான் கிடைக்கும். மிச்சம் மேல ஏறி எரியும். அதான் புகை." அவள் விரலில் கொஞ்சம் தொட்டுப் பெருவிரலோடு சேர்த்துப் பிரித்தாள். நடுவே மெல்லிய நூல் இழுபட்டது. "ஏதோ பிசினும் சேர்ந்திருக்கு. கெட்டியாக்கறதுக்குப் புட்டியில விப்பாங்களே, அது."

பெரியவருக்கு ஒரு கணம் மூச்சு சீரானது. அவர் ஊற்றியது நூல் விடாத வெறும் எண்ணெய், அதுவும் அரை லிட்டர். அப்படியென்றால் வேறொரு கை! இது சதி. அவர் நேராகப் பக்கத்து ஷெட்டுக்குப் போனார்.

"காலையில எங்க வண்டிப் பக்கம் வந்தியா?"

கூலிங்கிளாஸ் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, கொடி ஆட்டறவர்கிட்ட கேளுங்க. கூட்டத்துல முதல் வரிசையில உக்காந்திருந்தேன். நீங்க கை கழுவிட்டுத் திரும்பினப்பத்தான் நானும் வந்தேன். பேசுவேன், உண்மைதான். அடுத்தவன் எஞ்சின்ல கை வெக்கறவன் இல்ல."

பெரியவர் திரும்பி நடந்தார். ஷெட் வாசலில் சின்னவர் பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். துணி கையோடு ஒட்டியது. பிரித்தபோது நூல் நூலாக இழுபட்டது.

"டேய்" என்றார் பெரியவர்.

சின்னவர் அவரை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "அண்ணே, கத்தாத. அரை லிட்டர் புட்டி. மெல்லிசு எண்ணெய், வண்டி பிடிச்சிட்டா நம்ம பட்டறை என்ன ஆகறதுன்னு பயந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் வாக்குக் குடுத்துட்டியே. அண்ணன் சொன்னா சொன்னதுதான், கை வெக்க மாட்டான்னு தெரியும். அதான், பாவம் என்னோட போகட்டும்னு நான் ஊத்தினேன். நான்தான்னு அவகிட்ட சொல்லிடறேன். உன் பேர் இதுல வர வேண்டாம்."

இத்தனை வருடத்தில் பெரியவர் எத்தனையோ பேரைச் சந்தேகித்திருக்கிறார். அவரைச் சந்தேகிக்காத ஒருவன் எதிரே பிசின் ஒட்டிய கையோடு நின்றான். அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேனின் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். ஊற்றியது தம்பி, வாக்கு மீறாதவன் அண்ணன். வெளியே வேலியோரம் அவர் வீட்டுப் பெண்ணின் பேரை நான்கு வாய்கள் மென்றுகொண்டிருந்தன.

பெரியவர் வெளியே வந்து, ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவில் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எஞ்சின் பிடிக்கல. என் மருமக ஊத்தினது சரியான ஆயில், சரியான அளவு. அதுக்கு மேல ஊத்தினவன் நான். கை வெக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு வெச்சேன்."

சின்னவர் வாய் பிளந்து அண்ணனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார். "நானும்" என்றார்.

மருமகள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அளவுகுச்சியப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"எஞ்சின நிறுத்தி எத்தனை நிமிஷம் கழிச்சு?"

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"சின்ன மாமா, நீங்க?"

"நான் குச்சியையே தொடலம்மா" என்றார் சின்னவர். "அண்ணன் கோவிச்சுக்கும்னு."

டாக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் சிரிக்கவில்லை. "வெளியாள் யாரோன்னு நானும் பயந்துட்டேன். இதுக்கு அது எவ்வளவோ மேல்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சினுக்குள் விளக்கை விட்டுப் பார்க்கப் போனாள். இறக்கிய எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டினாள். பேரிங் தேய்ந்தால் வரும் உலோகப் பொடி ஒரு மினுக்கும் இல்லை.

"முன் மேஜையில ஒரு மாசம் நான் உக்காந்துக்கறேன்" என்றார் பெரியவர், அவள் முதுகைப் பார்த்து.

"பில்லுல கூட்டல் சரியா வரணும் மாமா" என்றாள் அவள், திரும்பாமல்.

ஃபில்டரை மாற்றி, புதிதாக ஐந்தரை லிட்டர் ஐந்து-நாற்பது ஊற்றினாள். எண்ணெய் மூடியின் மேல் காகித நாடா ஒட்டி, அதில் இரண்டு மாமாக்களையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். இருவரும் போட்டார்கள். பெரியவர் முழுக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் டாக்டர் நான்கு முறை தடத்தில் இறங்கினார். எண்ணெய்ச் சூடு நூற்றிருபது தொட்டது. நீண்ட இடது வளைவில் முள் அசையவில்லை.

அன்று பெரியவர் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து அழுதார் என்று இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர் நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். அழவில்லை.