மில்காவின் பச்சை நூல்

புதன்கிழமை காலையில் நான் கடையைத் திறந்து கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், கட்சிக்காரப் பெண் இவைலா ஒரு சாம்பல் நிறக் கோட்டையும் ஒரு புகைப்படத்தையும் என் வெட்டுமேசையில் வைத்தாள். கோட்டு போன வாரம் நானே தைத்துக் கொடுத்தது. புகைப்படம் இருபத்து நான்கு வருஷப் பழசு. அதில் ராச்கோ மிந்தெவ் ஒரு மேடையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இடது முழங்கையில் ஒரு ஒட்டுத்துணி, அதைச் சுற்றிக் கோணல்மாணலாகப் பச்சை நூல்.

"இதே மாதிரி வேணும் அத்தை. அதே பச்சை, அதே கோணல். நாளைக்கு எட்டு மணிக்கு டிவில விவாதம். ஊரே அந்த முழங்கையைத்தான் பாக்கும்."

ஊர் மட்டுமா, நாடே பார்க்கும். பல்கேரியாவில் அந்த முழங்கையைத் தெரியாத குழந்தை கிடையாது. எங்கள் கப்ரோவோக்காரர்களைப் பற்றி ஒரு கேலி உண்டு: பூனை வெளியே போகும்போது கதவு சீக்கிரம் சாத்த வேண்டும், குளிர் உள்ளே வந்து விறகு வீணாகக் கூடாது என்று வாலை நறுக்கிவிட்ட ஊர். அந்த ஊரில் தொழிற்பள்ளி வாத்தியாராக இருந்தவர் ராச்கோ. முதல் தேர்தல் கூட்டத்துக்குப் போகும் காலையில் கோட்டு கிழிந்தது. வீட்டில் சாம்பல் நூல் இல்லை. ஒரு கிழிசலுக்காகக் கப்ரோவோக்காரி ஒரு நூல்கண்டு வாங்குவாளா? அவர் மனைவி மில்கா, திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய பச்சை நூலால் ஒட்டுப் போட்டு அனுப்பினாள். அவளுக்குத் தையல் சுத்தமாக வராது. மறுநாள் பத்திரிகையில் ஆளைவிட முழங்கை பெரிதாக வந்தது.

அந்த முழங்கையை ஊன்றித்தான் அவர் மேலே ஏறினார். நகராட்சித் தலைவர், மந்திரி, கட்சித் தலைவர், இரண்டு தடவை பிரதமர். வலதுசாரிக் கட்சிதான், ஆனால் கூச்சல் போடுகிற ரகம் இல்லை. வரியைக் குறை, கடனைக் குறை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போ என்கிற ரகம். செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் முழங்கை காமிரா பக்கம் திரும்பும். கார்ட்டூன் போடுகிறவர்கள் முகம் வரைவதையே விட்டுவிட்டார்கள். ஓய்வூதியத்தை இரண்டு வருஷம் உயர்த்தாமல் வைத்தாரே, அப்போது சந்தையில் கிழவர்கள் அவர் காரைப் பார்த்துத் தங்கள் கிழிந்த முழங்கையைக் காட்டினார்கள். நானும் காட்டினேன். அவருக்கு நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. அது அவருக்கும் தெரியும்.

நாட்டுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டு ஒன்றல்ல. இதோடு ஐந்து. துணி என்றால் நைந்துதானே போகும்? ஒவ்வொரு தடவையும் அதே துணியில் நான் புதிதாகத் தைப்பேன், மில்கா உட்கார்ந்து கிழியாத முழங்கையில் ஒட்டுப் போடுவாள். "நல்ல முழங்கைக்கு வைத்தியம் பாக்குறேன் கிச்கா," என்று சிரிப்பாள். இது ஊரை ஏமாற்றுவது இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன். "தைச்சது என் கைதானே? அப்புறம் எங்க வந்துச்சு பொய்?" என்றாள்.

ஜனவரியில் அந்தக் கை விழுந்துவிட்டது. பக்கவாதம். வலது கை, வலது கால், வாயில் பாதி. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். ஆனால் வருகிற வார்த்தையில் காரம் குறையவில்லை. யாரும் பார்க்க வரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பத்திரிகையில் ஒரு வரி வரக் கூடாது என்று ராச்கோவிடம் சத்தியம் வாங்கினாள். "என் மூஞ்சி... தேர்தல்ல நிக்கல," என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் உடம்பு சரியில்லை என்பதுகூடக் கட்சியில் நாலு பேருக்கு மேல் தெரியாது.

அதனால்தான் கோட்டு என் மேசைக்கு வந்தது. சரி, நாம்தான் போட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். நாற்பது வருஷமாக நேராகத் தைத்துப் பழகிய கை, கோணலாகப் போக மாட்டேன் என்கிறது. போட்டேன், பிரித்தேன். நாலு தடவை. மில்காவின் கோணலில் ஒரு அவசரம் இருக்கும், ஒரு சிரிப்பு இருக்கும். என் கோணல் குடித்துவிட்டு எழுதிய கணக்கு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலையில் கோட்டைச் சுருட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

மில்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இடது கையை நீட்டினாள்.

"கொடு."

மடியில் வைத்தால் கோட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரே கையால் துணியையும் பிடித்து ஊசியையும் இழுப்பது எப்படி? நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அந்த நேரம் பார்த்து ராச்கோ சமையலறையிலிருந்து காபியோடு வந்தார்.

"போட்டுக்கோ," என்றாள் அவரைப் பார்த்து. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்து முழங்கையை மேசையில் மடக்கி வைத்தார். உள்ளே கை இருந்ததால் துணி விறைப்பாக நின்றது.

உடம்பில் இருக்கும் உடுப்பைத் தைத்தால், போட்டிருப்பவர் பல்லிடுக்கில் ஒரு நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துணியோடு சேர்த்து அறிவையும் தைத்துவிடுவோம் என்று எங்களுக்குள் ஒரு பயம். தைத்து முடித்து நூலை வெட்டும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒரு சாண் பச்சை நூலை அறுத்துக் கொடுத்தேன். மில்கா அதை அவர் உதட்டில் சொருகினாள்.

"இருக்கறதே... கொஞ்சம்," என்றாள். "பத்திரமா கடி."

ஊசியில் நூல் கோத்தது மட்டும்தான் நான். ஒரு தையலுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. குத்துவாள், ஊசி மறுபக்கம் வராது, வந்ததை விரல் பிடிக்காது, பிடித்தது நழுவும். இரண்டு தடவை ஊசி துணியைத் தாண்டிக் கைக்குள் போயிருக்கும் போல. அவர் நெற்றி சுருங்கியது, கை அசையவில்லை. இந்த மனுஷர் சவ அடக்கத்தில்கூடப் பாதிரியார் போதும் என்று இருமும்வரை பேசுகிறவர். அன்று மூன்று மணி நேரம் வாயில் நூல் தொங்க, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நடுவில் இவைலா கையில் போனோடு ஓடிவந்தாள். "தலைவரே, வானொலி. நேரலைல இருக்காங்க. ரெண்டே நிமிஷம்!"

அவர் மில்காவைப் பார்த்தார். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நூலைத் துப்பிட்டுப் பேசுங்க தலைவரே, ஐயோ, லைன்ல இருக்காங்க!"

"துப்பினா..." என்றாள் மில்கா, "முதல்லேர்ந்து."

அவர் சும்மா இருந்த கையால் போனை வாங்கி அணைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஓய்வூதியத்தில் கை வைத்த ஆளுக்காக அழுகிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் அழுதேன்.

விவாதம் நடக்கும் சோஃபியாவுக்குப் போக ஒரு மணிக்குக் கார் வந்தபோது மூன்று பக்கம் முடிந்து, நாலாவது பக்கத்தில் பாதி ஆகியிருந்தது. மில்காவின் விரல்கள் ஓய்ந்துவிட்டன. ஊசியை உருவிவிட்டு மிச்ச நூலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாத. வந்தப்புறம்... நான் வெட்டுறேன்."

நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது. இவைலா ஒட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "கடவுளே! இதைப் பாத்தா போலின்னுல்ல சொல்லுவாங்க! ஒரு மனுஷி தைச்ச மாதிரியா இருக்கு?" சொல்லிவிட்டு மில்காவின் இடது கையைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. பாவம், கெட்ட பெண் இல்லை, அவள் பிழைப்பு அது. "தலைவரே," என்றாள் குரலைத் தாழ்த்தி, "அவங்க கண்டிப்பா கேப்பாங்க, யார் தைச்சதுன்னு. உள்ளதைச் சொல்லிடுங்க. அம்மா இடது கையால, ஒவ்வொரு தையலா... நாடே அழுதுடும். ரெண்டு சதவீதம்தான பின்னால இருக்கோம்? ஜெயிச்சிடலாம்."

அவர் வாயில் இன்னும் நூல் இருந்தது. கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். மில்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயசு, இதுதான் கடைசித் தேர்தல். அந்த மனுஷருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் மரஅறுவைப் பட்டறை, அம்மாவின் ஜெபமாலை, இந்த முழங்கை, எதைத்தான் அவர் மேடையில் வைக்கவில்லை? கார் கிளம்பிய பிறகு மில்கா சாப்பிடவில்லை. தயிர் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லிடுவாரா?" என்று நானே கேட்டேன்.

தெரியாது என்பதுபோல் ஒரு தோளை உயர்த்தினாள்.

எட்டு மணிக்கு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வரி, சாலை, எரிவாயு என்று ஒரு மணி நேரம் போனது. நன்றாகத்தான் பேசினார், ஆனால் முழங்கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். அது எனக்குப் புதிதாக இருந்தது. கடைசியில் எதிராளி பானொவ் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தான்.

"மிந்தெவ் ஐயா, மத்தியானம் கார்ல ஏறும்போது எடுத்த படத்தைப் பாத்தேன். அந்த ஒட்டு புத்தம் புதுசா இருக்கே? உங்க கட்சி ஆபீஸ்ல எந்த டேபிள்ல தைச்சாங்க? ஏழைன்னு காட்டிக்க எவ்வளவு மெனக்கெடுறீங்க! யார் தைச்சதுன்னு இந்த ஜனங்களுக்குச் சொல்லுங்களேன்."

அவர் கையை மேலே எடுத்து வைத்தார். காமிரா முழங்கைக்கு நெருங்கியது. திரை முழுக்க மில்காவின் தையல். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, ஒன்று துணிக்கு வெளியே. நுனியில் அந்த நூல். மில்காவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது, எலும்பு வலித்தது.

ராச்கோ வாயைத் திறந்தார். எனக்கு அந்த வாயைத் தெரியும். ஒரு வாக்கியம் கிளம்பி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பிறகு உதடுகள் மூடிக்கொண்டன. ஓரத்தில் எதையோ கடித்துப் பிடித்திருப்பதுபோல் லேசாகக் கோணிக்கொண்டன.

"பதில் இல்லையா?" என்றான் பானொவ். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள், கைதட்டினார்கள். இவைலா எங்கேயோ நின்று தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ராச்கோ தொங்கிய நூலை ஒரு விரலில் சுற்றிக்கொண்டார், தையல் இழுபட்டுவிடாமல், மெதுவாக.

"அடுத்த கேள்வி," என்றார்.

பக்கத்தில் ஒரு சத்தம். அழுகிறாள் என்று பதறித் திரும்பினேன். மில்கா சிரித்துக்கொண்டிருந்தாள், நகர்கிற பாதி வாயால், கண்ணீர் தாடையில் வழிய.

"தைச்சிட்டேன்," என்றாள். "அந்த... அறிவை."

பிறகு கத்தரிக்கோலைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். சோஃபியாவிலிருந்து கார் வர மூன்று மணி நேரம் ஆகும், படுத்துக்கொள் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. இடது கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைத்து, ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.