நகராத விசில்

கப்பல் போனால் விசிலும் கூடவே போகும். அன்று காலை பனிமூட்டத்துக்குள் கேட்ட விசிலோ ஒரே இடத்தில் நின்று அலறிக்கொண்டிருந்தது.

பிட்மன் தீவில் அதற்கு விளக்கம் தேவையில்லை. அடுப்பில் தேநீர் கொதித்தது கொதித்தபடி கிடக்க, ஊரே படகுத்துறைக்கு ஓடியது.

"கோரிசாண்ட் கப்பல்தான். மேற்குப் பாறையில ஏறிடுச்சு," என்றார் ஒபேத், படகைத் தள்ளிக்கொண்டே.

திர்சா படகின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள். அவள் கணவன் ஹெட்லி, ஒபேத்தின் ஒரே மகன், அந்தக் கப்பலில்தான் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறான். காட் மீன் ஏமாற்றிய வருடம் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனவன். மாதம் ஒருமுறை கப்பல் தீவைக் கடக்கும். நிற்காது.

"உன் ஆளு பலே ஆளுடி!" பக்கத்து வீட்டு ஜெமைமா அவள் விலாவில் இடித்தாள். "வீட்டுக்கு வா, வீட்டுக்கு வான்னு நச்சரிச்சியே. கப்பலோட வந்து நிக்கிறான் பாரு!"

நாலு பேர் சிரித்தார்கள். திர்சாவும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

துடுப்பின் நுனி தெரியாத மூட்டம். படகுக்குப் போகும் வழி விசில். திரும்பும் வழி, கரையில் ஒருத்தி ஊதும் சங்கு. மீனுக்குப் போன ஆண்களை இந்தத் தீவுப் பெண்கள் அப்படித்தான் கரை சேர்ப்பார்கள். ஊரிலேயே நீளமான மூச்சு திர்சாவுக்கு. சங்கு அவள் கைக்கு வந்தது.

முதல் நடையில் பயணிகள் வந்தார்கள். ரோமக் கோட்டும் வெறுங்காலுமாக ஒரு சீமாட்டி. கை முறிந்த ஒரு மாலுமி.

"ஹெட்லி?" திர்சா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கீழ இருக்கான். பின் கொதிகலன் அறையில தண்ணி வந்தாச்சு, முன்னறையில இன்னும் வரல. அங்க ஒருத்தன் கரி போட்டாத்தான் நீராவி. நீராவி இருந்தாத்தான் விசில்." மாலுமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஏறி வாடான்னோம். 'விசில் நின்னா எங்கப்பா எதைக் கேட்டு வருவாரு?'ன்னு கேட்டான்."

விசில் ஊதியது. உயிரோடு இருக்கிறான். விசில் ஊதியது. இன்னும் மேலே வரவில்லை.

இரண்டாவது நடையும் வந்து சேர்ந்தது. அலை ஏறிவிட்டிருந்தது. ஒபேத் இறங்கக்கூட இல்லை.

"மாமா, இந்த நடையில அவரை மேல கூப்பிட்டுருங்க."

"கூப்பிடறதா? காதைத் திருகி இழுத்துட்டு வரேன் அந்தப் பயலை. நீ ஊதறதை நிறுத்தாத, அது போதும்."

படகு வெண்மைக்குள் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது.

"ஏறிட்டான்டி! மேல ஏறிட்டான்!" ஜெமைமா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். யாரோ தொப்பியை வீசினார்கள்.

திர்சா அசையவில்லை. படகு பாதி தூரம்கூடப் போயிருக்காது. அப்பா வந்து சேராமல் அவன் கரி போடுவதை நிறுத்தமாட்டான்.

இப்போது ஒபேத்துக்கு முன்னால் விசிலும் இல்லை. பின்னால் இவள் மட்டும்தான். அழுதுகொண்டே சங்கு ஊத முடியாது, மூச்சு உடைந்துவிடும். அவள் அழவில்லை. ஊதினாள். உதடு வெடித்து ரத்தம் சங்கில் வழிந்தது. ஜெமைமா கை நீட்டியபோது தலையை அசைத்து மறுத்துவிட்டு மறுபடி ஊதினாள்.

படகு வந்தது. கப்பலைக் காணவில்லையாம். மிதந்துகொண்டிருந்த கேப்டனையும் இரண்டு பேரையும் தூக்கி வந்திருந்தார்கள். அந்த இருவரில் ஹெட்லி இல்லை.

ஒபேத் துடுப்பை விடாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"போதும்மா. எல்லாரும் வந்தாச்சு. நிறுத்து."

"எல்லாருமா, மாமா?"

கிழவர் குனிந்துகொண்டார்.

திர்சா கடல் பக்கம் திரும்பிச் சங்கை வாயில் வைத்தாள். அதை அவளிடமிருந்து வாங்க யாருக்கும் கை நீளவில்லை.